கணினி உதவிக்கு நன்றி

ஜனவரி 9

அன்புள்ள அவசரத்துக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் நான்கு வார்த்தைக்குள் நம்மில் ஒருத்தி வைத்துவிடுகிறாள். காகிதத்தில் அந்த வசதி இல்லை. கடைசி வரி வரைக்கும் நீ என்னைச் சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும். எட்டாம் மாதமே பிறந்து அப்பாவிடம் இந்தச் செல்லப்பெயரை வாங்கியவள் நீ. இதையாவது நிதானமாகப் படி.

"அம்மாவைப் பார்க்கக்கூட வராம அப்படி என்ன கடல்ல கிழிக்கிற?" என்று கேட்டாய். சொல்கிறேன்.

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் மிதக்கின்றன. உங்கள் ஊர்க் குடாவில் நீங்கள் கயிறுகளில் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிகள் தின்பது இவற்றைத்தான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். பகலில் வெயிலைத் தின்று பருக்கும். இருட்டியதும் இரண்டாகப் பிரியும். எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. எண்ணிப் பார்த்தால் தெரியாது. இன்றைக்கும் நாளைக்கும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் பிறப்பதையெல்லாம் யாராவது தின்றுவிடுகிறார்கள். எத்தனை முறை சமைத்தாலும் பாத்திரம் காலியாகவே இருப்பதைப் பார்த்து, இந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை என்று சொல்ல முடியுமா? அதனால் ஒரு கருவி மணிக்கொரு முறை நீரை உறிஞ்சி, ஒவ்வொரு செல்லின் பருமனையும் அளக்கிறது. பகலில் எவ்வளவு பருத்தன, இரவில் எவ்வளவு சிறுத்தன என்று பார்த்து, எத்தனை பிரிந்திருக்கும் என்று நான் எழுதிய கணினி நிரல் சொல்கிறது. ஆறு வருடம் எழுதினேன்.

உங்கள் குடாவைப் பற்றிய அறிக்கை போன வாரம் வெளியானது. நுண்பாசி நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, ஆகவே இப்போதிருப்பதைப்போல் இரண்டு மடங்கு கயிற்றுக்கு இந்தக் குடா தீனி போடும் என்று அதில் இருக்கிறது. அந்த எண் என்னுடையது. அட்டையில் நான்கு பெயர்கள். என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், படகோட்டிக்கும் கூட்ட அறையைக் கொடுத்தவர்களுக்கும் நடுவில், "கணினி உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி. அதிலும் பெயர் இல்லை. நன்றி எனக்கா, கணினிக்கா என்பதுகூடத் தெளிவாக இல்லை.

எங்கள் ஆய்வு நிலையத்தின் திட்டத் தலைவரை நாங்கள் 'முன்னுரை' என்போம். அதைத் தவிர அவர் எதையும் எழுதியதில்லை. போய்க் கேட்டேன். "பேர்ல என்னம்மா இருக்கு? நம்ம வேலை பேசணும்" என்றார். அவருடைய பெயர் முதலில், மற்ற மூன்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது.

நான் தலையை ஆட்டிவிட்டு என் இருக்கைக்கு வந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் ஆத்திரமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதே. மூட்டு வலியோடு இதையும் சுமக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர. அது உன் கடிதத்தோடு வந்தது. அம்மா முழங்காலுக்கு ஓர் உறை வாங்கிப் போட்டிருக்கிறாள். போட்ட நாளிலிருந்து வலியைப் பற்றிப் பேசுவதில்லை. உறையைப் பற்றித்தான் பேச்சு.

நீ தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பாய் என்று நீ சொல்வதற்கு முன்பே தெரியும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். நானாக இருந்திருந்தால், "அப்ப உங்க பேரையும் அடிச்சிடுங்க சார், வேலையே பேசட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவையே அவர் கையில் கொடுத்திருப்பேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. அந்த அறிக்கை இங்கே சிப்பி வளர்ப்போர் சங்கத்துக்கு வந்துவிட்டது. உன் மாப்பிள்ளைதானே இப்போது செயலாளர், துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடுதல் கயிறு இறக்கச் சங்கம் ரொம்ப நாளாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. இனி மறுக்க முடியாதாம். "அது எங்க அக்கா போட்ட எண்ணு" என்றேன். "அட, இவ்வளவு நேரம் சொல்லலையே. அப்ப நம்ம வீட்டு எண்ணு" என்றார். அம்மாகூடச் சிரித்தாள். ஆமாம், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் மெதுவாகப் பேசிப் பழகவில்லை.

அதோடு விடவில்லை. சங்கக் கூட்டத்துக்கே போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: இது என் அக்காவின் உழைப்பு, பெயரைத் திருடிவிட்டார்கள், அவள் லேசில் விடமாட்டாள் என்று. வலை தைக்கிறவர், ஐஸ்காரர், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். உனக்குப் பேச வராது. உன் பங்கையும் நானே பேசிவிட்டேன்.

எழுத்தில் புகார் கொடு. கொடுக்காமல் எனக்குக் கடிதம் போடாதே.

உன்,
அவசரம்


பிப்ரவரி 11

அன்புள்ள அவசரத்துக்கு,

சுகம்தானே எல்லோரும்? எனக்குக் கண் கொஞ்சம் எரிகிறது, திரையைப் பார்த்துப் பார்த்து. வேறொன்றுமில்லை.

முதலில் நீ கேட்க விரும்புவது. புகார் கொடுத்துவிட்டேன், மூன்று பக்கம். அடுத்தது நீ கேட்க விரும்பாதது. தயவுசெய்து உட்கார்ந்து படி.

புகாருக்கு ஆதாரம் சேர்ப்பதற்காக, உங்கள் குடாவில் எடுத்த அளவுகளை முழுவதுமாக மறுபடியும் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். நல்ல வளர்ச்சி காட்டிய இரவுகள் எல்லாம் கடல் பெரிதாக ஏறிவந்த இரவுகளாக இருந்தன. ஏற்றம் இல்லாத இரவுகளில் வளர்ச்சி அதில் பாதிகூட இல்லை. நுண்பாசிக்கு ஏற்றமும் வற்றமும் ஒன்றுதான். முந்தின பகலின் வெயில்தான் அதற்குக் கணக்கு. பிறகு இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கருவியைக் குடாவின் வாயில் கட்டியிருந்தோம், படகுத்துறை அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. நாங்கள் அளந்த மாதங்களில் பெரிய ஏற்றம் இரவில்தான் வரும். வரும்போது வெளிக்கடல் நீரைத் தள்ளிக்கொண்டு வரும். வெளிக்கடல் செல்கள் இயல்பிலேயே பொடியானவை. என் நிரலுக்கு ஒன்றுதான் தெரியும்: இருட்டிய பிறகு சின்ன செல் கண்ணில் பட்டால், அது பெரிய செல் பிரிந்து பிறந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து, இந்த வீட்டில் இத்தனை பிரசவம் என்று எழுதிவிட்டோம்.

எனக்கு முன்பே சின்னச் சந்தேகம் இருந்தது. குடாவின் உள்ளே ஒருமுறை கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று வரைவில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன். முன்னுரை அதை எடுத்துவிட்டார். "படிக்கிறவன் பயந்துடுவான்மா, இதெல்லாம் எதுக்கு" என்றார். அப்போது அது வெறும் சந்தேகம். விட்டுவிட்டேன். இப்போது சந்தேகம் இல்லை.

இரண்டு நாளானாலும் அந்தப் பாசி ஒருமுறை இரட்டிக்காது. கயிற்றை இரண்டு மடங்காக்கினால், இருக்கிற தீனியைப் பங்கு போட்டு எல்லாச் சிப்பியும் அரைப்பட்டினி கிடக்கும், பழைய கயிற்றில் இருப்பவையும் சேர்த்து. மாப்பிள்ளையிடம் உடனே சொல். புதுக் கயிறு இறக்கவேண்டாம். திருத்தம் வெளியிட வைக்கிறேன், அதுவரை பொறுங்கள்.

பதில் சீக்கிரம் போடு. பெயருக்கு ஏற்றபடி ஒரு தடவையாவது நடந்துகொள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம், நீயும் அப்படியே இருக்கவேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். முன்னறைக்கு அம்மா வெளிர்பச்சை வேண்டும் என்றாள், அடித்து முடித்ததும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, குழாயில் கோளாறு இல்லை, சுவரில்தான் என்றான். அடுத்து வந்தவன் சுவரில் இல்லை, குழாயில்தான் என்றான். கீழே வாளி வைத்திருக்கிறோம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. உனக்குக் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? வெள்ளரித் துண்டு வைத்துக்கொள். அதிகம் யோசிக்காதே. கோபத்தை உள்ளேயே வைத்திருப்பது உடம்புக்கு ஆகாது.

புகார் என்ன ஆயிற்று? அதில் ஒரு முடிவு வந்துவிட்டால் உன் மனதும் கொஞ்சம் அடங்கும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் தங்கை


மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

கண் பரவாயில்லை. உன் கடிதத்தை அந்தக் கண்ணாலேயே மூன்று தடவை படித்தேன். ஒழுகும் குழாயைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறாய். கயிற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னாயா, இல்லையா?

புகாருக்கு இன்னும் பதில் இல்லை. இங்கே நடந்ததைக் கேள். திருத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு முன்னுரையின் அறைக்குப் போனேன். அவர் சர்க்கரையில்லாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சார், குடா அறிக்கையில எண் தப்பு."

"யாரோட எண்ணு?"

"என்னோடதுதான் சார்."

"உங்க எண்ணா? அறிக்கையில உங்க பேரே இல்லையேம்மா."

அவர் அலமாரியிலிருந்து நிலையத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து, பொறுமையாகப் புரட்டி, பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். வெளியான அறிக்கைக்கு அதன் ஆசிரியர்களில் ஒருவர் மட்டுமே திருத்தம் தரலாம்.

"நீங்க ஆசிரியர் இல்லை. உதவி" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பெற்ற பெண்ணிடம் பேசுவதுபோல: "உங்க வருத்தம் புரியுது. பேர் வரலைன்னா யாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக எண்ணையே கொன்னுடலாமா?"

என் எண்ணை நான் கொல்கிறேனாம். அவருக்குப் பிறந்ததுபோல அவர் காப்பாற்றுகிறாராம். வரைபடங்களை மேஜையில் விரித்தேன், ஏற்றமுள்ள இரவுகள் ஒரு நிறம், இல்லாத இரவுகள் ஒரு நிறம். குழந்தைக்குக்கூடப் புரியும். அவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. அங்கே ஒரு காகிதம் இருப்பதையே அவர் பார்க்கவில்லை.

மற்ற மூன்று ஆசிரியர்களுக்கும் எழுதினேன். ஒருவர் நீண்ட விடுப்பில். ஒருவர், தலைவர் சொன்னால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார். இன்னொருவர் அறிக்கையைத் தாம் இன்னும் படிக்கவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கும் எழுதினேன். ஆசிரியர் வழியாக அனுப்பவும் என்று ஒரே வரியில் பதில்.

நீயாவது எனக்கு ஒரு வரி எழுது. கயிறு இறங்கிவிட்டதா?

அக்கா


ஏப்ரல் 30

அவசரத்துக்கு,

இந்த மாதம் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "அவ குளிக்கிறா அக்கா" என்று மூன்று முறையும் சொன்னார், ரொம்ப மரியாதையாக. நல்ல சுத்தம்தான்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் குளிக்கவும் இல்லை. போனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அப்படிச் சொல்லச் சொல்லி அவருக்குக் கைகாட்டினேன்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே அவரிடம் சொன்னேன். அவர் சங்கத்தில் சொன்னார். என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். ஐஸ்காரர் எழுந்து, "பேர் கேட்டாங்க, கிடைக்கல. இப்ப எண்ணே தப்புங்கறாங்க. எனக்குப் பங்கில்லாத வீட்டுக்குக் கூரை எதுக்குன்னு பிரிச்சுப் போடற கதைதான்" என்றாராம். யார் போய் ஊரெல்லாம் சொன்னது, என் அக்கா விடமாட்டாள் என்று? நான்தான். "நீதானேம்மா சொன்னே, விடமாட்டாங்கன்னு. விடல பாரு" என்று என்னையே சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

இதை எழுதாமல் குழாயைப் பற்றி எழுதினேன். ஏனென்றால் இதை எழுதினால் அடுத்த வரியையும் எழுத வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோபப்படு. ஆனால் உன் கடிதத்தை நீயே ஒருமுறை படித்துப் பார். பெயர் போனதும் புகார் மூன்று பக்கம். எங்கள் குடாவைப் பற்றி முன்பே சந்தேகம் இருந்தும் ஒரு பத்தி, அதையும் ஒருத்தர் எடுத்துவிட்டதும் விட்டுவிட்டாய். பெயரை விடத் தெரியாதவளுக்கு எங்களை விடத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த எண் தப்பு என்று நீ சொன்னால், நான் எந்த அக்காவை நம்புவது?

கயிறு இறங்கிவிட்டது. மார்ச்சிலேயே. நான் வெளிர்பச்சையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலையில் அவர் படகில் இருந்தார்.

அம்மா நலம்.


ஜூன் 3

அன்புள்ள அவசரத்துக்கு,

அம்மா நலம் என்று எழுதியதற்கு நன்றி. கையெழுத்து இல்லாவிட்டாலும் உன் கடிதம் என்று தெரிந்தது.

நீ கேட்டது நியாயம். அதனால்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. அநியாயமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். அந்தப் பத்தியை எடுத்தபோது நான் அவர் அறையில் உட்கார்ந்து போராடியிருக்க வேண்டும். செய்யவில்லை. நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் அடிக்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று சொல், கோபமாக இருக்கிறவள் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கவேண்டுமா? முன்னுரைக்குக் கோபம் வந்தால் நிலையமே எண்களைச் சரிபார்க்கும். எனக்குக் கோபம் வந்தால் நிலையம் என்னைச் சரிபார்க்கிறது. "வீட்ல ஏதாவது பிரச்சினையா மேடம்?" என்று நேற்று ஒரு பையன் கேட்டான், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், உண்மையான அக்கறையோடு. அக்கறைக்கு என்ன பதில் சொல்வது? இங்கே என் பெயர் திருடு போயிருக்கிறது, அது உண்மை. எண் தவறு, அதுவும் உண்மை. ஒருத்திக்கு ஒரு உண்மைதான் அனுமதி என்பதுபோல எல்லோரும் நடந்துகொள்கிறீர்கள். நீயும்.

என்னை நம்பவேண்டாம். பழைய கயிற்றிலிருந்து கொஞ்சம் சிப்பி, புதுக் கயிற்றிலிருந்து கொஞ்சம், அவ்வப்போது எடுத்துத் திறந்து பார். சிப்பிக்கு என் பெயரும் தெரியாது, முன்னுரையின் பெயரும் தெரியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

திறந்து பார்த்தேன்.

ஜூலையிலும் பார்த்தேன், இப்போதும் பார்த்தேன். ஓடு வளர்ந்திருக்கிறது. உள்ளே சதை நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தியை அடியில் விட்டால் அந்தப் பக்கம் கத்தி தெரிகிறது. பழைய கயிற்றிலும் அப்படித்தான். நீ சொன்னதுபோலவே. வாங்க வந்த லாரிக்காரர் ஒரு கூடையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஓட்டைத்தான் விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன் மாப்பிள்ளை வீட்டில் பேசுவதில்லை. படகுத்துறைக்குப் போகிறார், வருகிறார். குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நேற்று அனுமதி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கூடவே உங்கள் அறிக்கையின் இரண்டாம் பதிப்பு, ஒரு கட்டு. அட்டையில் ஐந்து பெயர்கள். உன் பெயர் முதலில் இருக்கிறது அக்கா. பார்த்ததும் என் முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். அதற்குள் வலை தைக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சா பேரு? நல்லது. இனிமே யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே புரட்டிப் பார்த்தேன். வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே எண். உன் பெயர் மட்டும்தான் புதிது.

அக்கா, மறுத்துவிடு. நான் ஆசிரியர் இல்லை, வெறும் உதவி என்று அவர்கள் சொன்னதையே நீயும் சொல்லிவிடு. முதல் பதிப்பு எங்கள் சங்கத்தில் இருக்கிறது. அதில் நீ இல்லை என்று எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் காட்டுகிறேன். ஊரெல்லாம் சொன்ன வாய்தான், இதையும் சொல்லும்.

நான் உன்னை நம்பாததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதவும் வரவில்லை. இதை இப்படியே வைத்துக்கொள்.

உன்,
அவசரம்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அவசரத்துக்கு,

வைத்துக்கொண்டேன். இனி அதைப் பற்றிப் பேசவேண்டாம். மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல். அம்மாவின் விரல் பட்ட பிரதியை எனக்காக எடுத்து வை.

இரண்டாம் பதிப்பு அச்சான பிறகுதான் எனக்கே தெரியும். முன்னுரை என் அறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. உட்கார நாற்காலி இல்லை, அச்சுப்பொறியின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க உழைப்புக்கு ஒரு அங்கீகாரம் வேணும்னு நான்தான் வற்புறுத்தினேன்" என்றார். "ஒப்புதலுக்கு ஒரு கையெழுத்து, பழைய தேதி போட்டு."

முதல் பதிப்பின் அட்டையில் என் பெயருக்கு இடமில்லை. பழி என்று வந்ததும் எங்கிருந்தோ இடம் பிறந்துவிட்டது, அதுவும் எல்லோருக்கும் மேலே. மறுக்கலாம். நீ சொன்னதுபோல, நான் வெறும் உதவி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்குச் சாட்சி அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆனால் அந்த எண்ணை நான்தான் போட்டேன். என் பெயர் இல்லாதபோதும் அது என் எண் என்று ஆறு மாதம் கத்தினேன். நல்லதென்று நினைத்தபோது என்னுடையது, கெட்டதென்று தெரிந்தபோது என்னுடையதில்லை என்றால், ஐஸ்காரர் சொன்னது சரியாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆசிரியர்தானே திருத்தம் தரலாம்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டேன், அன்றைய தேதியில். முன்னுரையின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. பாவம், அதைக் கெடுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருத்தத்தை எடுத்து, "இது ஆசிரியர் தரப்பிலிருந்து சார்" என்று அவர் கையில் ஒரு பிரதி கொடுத்தேன். இன்னொன்றை நேராகப் பதிவுப் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன். எண் தவறு, தவறு எப்படி வந்தது, எச்சரித்த பத்தி எப்போது யாரால் நீக்கப்பட்டது, அதை நீக்கவிட்ட நானும் பொறுப்பு. எல்லாம் அதில் இருக்கிறது. விதிப்படி உங்கள் சங்கத்துக்கும் ஒரு பிரதி வரும்.

அவர் வராந்தாவில் பின்னாலேயே வந்தார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க" என்றார்.

"என் தலைதானே சார்" என்றேன்.

அவருடைய பெயர் இரண்டாவதாக, என் பெயருக்கு நேர் கீழே இருக்கிறது. அதைத்தான் அப்போது அவர் நினைத்திருப்பார்.

அக்கா


செப்டம்பர் 20

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன். அத்தை நன்றாக இருக்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

திருத்தம் வந்தது. கூட்டத்தில் நானே முழுவதும் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் சிரித்தவர்களில் நானும் உண்டு. வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. தங்கள் தங்கையைக் கோபிக்க வேண்டாம்.

திருத்தத்தில் இந்த எண் தவறு என்று இருக்கிறது. சரியான எண் இதற்கும் இதற்கும் நடுவில் என்று இருக்கிறது. எத்தனை கயிற்றை எடுக்கவேண்டும் என்று இல்லை. அலுவலகத்தில் கேட்டால் புதிய ஆய்வு முடியட்டும் என்கிறார்கள். அதுவரை சிப்பி காத்திருக்காது.

எத்தனை எடுக்கவேண்டும் என்று தாங்கள் சொல்லவேண்டும். ஒரே எண்ணாகச் சொல்லவும். இரண்டு எண் சொன்னால் அவரவர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறேன். என் அறையை மாற்றிவிட்டார்கள். புது அறைக்குச் சன்னல் இல்லை, ஆனால் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. உங்கள் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. எங்கள் நிலையத்தில் ஒருவரும் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஒரே எண் கேட்டீர்கள். மார்ச்சில் இறக்கிய புதுக் கயிறு எல்லாவற்றையும் எடுங்கள். பழைய கயிற்றிலும் நான்கில் ஒன்றை எடுங்கள். ஒன்றும் பாக்கி வைக்கவேண்டாம், செயலாளர் வீட்டுக் கயிறு முதலில்.

எப்படி வந்தேன் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் முன்னுரை எழுதுகிறவள் ஆகிவிடுவேன். ஏற்றம் இல்லாத இரவுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவை கொஞ்சம்தான். அவற்றிலும் குறைவான வளர்ச்சி காட்டிய பக்கத்தை எடுத்தேன், தப்பினால் சிப்பிக்குத் தீனி மிஞ்சும் பக்கமாகத் தப்பட்டும் என்று. குடாவின் உள்ளே இதுவரை யாரும் அளக்கவில்லை. அங்கே நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம். அப்படியானால் நான்கில் ஒன்றை வீணாக எடுக்க வைத்தவள் என்று என்னைப் பேசுவார்கள், பேசட்டும். அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். கருவியைத் தரமாட்டார்கள். பாட்டில்கள் போதும். குடாவின் நீரைப் பாட்டில்களில் பிடித்து, தின்கிற உயிர்களும் தீனியும் ஒன்றையொன்று எளிதில் சந்திக்காதபடி வடிகட்டிய கடல்நீரை விதவிதமான அளவில் கலந்து, உங்கள் மிதவையிலேயே ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்க்கலாம்; தின்பது குறையக் குறைய, உண்மையில் எவ்வளவு பிறக்கிறது என்று தெரியும். பழைய முறை, ஆனால் அதற்கு ஏற்றமும் தெரியாது, வற்றமும் தெரியாது. வந்து அம்மாவோடும் இருப்பேன்.

அவசரத்தைக் கோபிக்கவில்லை. மற்றவர்களிடம் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, நிறைய. காலையில் எழுந்ததும் இருக்கிறது, அலுவலக வாசலில் இருக்கிறது. இந்த எண்ணுக்குள் அது எங்கேயாவது புகுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

இதைச் சங்கத்தில் படிக்கும்போது என் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். எண் தப்பினால் நிலையத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்கவேண்டாம், அவசரத்திடம் கேட்கவேண்டாம். ஐஸ்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் என்னையே கேட்கலாம். வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா